டேவிட் கார் தோற்றதற்கு டேவிட் கார்தான் காரணமா?

பேர்லேண்ட்_முருகு

ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் சி.ஜே. ஸ்ட்ரௌட் பற்றிய இழையில் ஒருத்தர் போகிற போக்கில் "டேவிட் கார் மாதிரி இன்னொரு தண்டம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பதில் போட்டால் இழை திசைமாறிவிடும், அதனால் இங்கே தனியாகத் திறக்கிறேன்.

புதிதாக அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1996 சீசனோடு எங்கள் பழைய அணி ஆயிலர்ஸ் ஹூஸ்டனை விட்டு டென்னசிக்கு மூட்டை கட்டினார்கள். பாப் மெக்நேர் 70 கோடி டாலர் கொட்டி லீக்கிடமிருந்து புது அணி வாங்கினார். 2002-ல் டெக்ஸன்ஸ் களமிறங்கியது. அந்த வருஷ டிராஃப்டில் (கல்லூரி ஆட்களை அணிகள் வரிசைப்படி எடுப்பது) முதல் ஆள் ஃபிரெஸ்னோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டேவிட் கார். செப்டம்பர் 8, முதல் ஆட்டம், எதிரே டாலஸ் கவ்பாய்ஸ். 19-10 என்று ஜெயித்தோம். எங்கள் ஊருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

சீசன் முடிந்தபோது கார் 76 முறை சாக் ஆகியிருந்தார், அதாவது எறிவதற்குள் எதிரணி அவரைப் பந்தோடு தரையில் சாய்த்திருந்தது. ஒரே சீசனில் ஒரு குவார்ட்டர்பேக் வாங்கிய சாக் கணக்கில் இன்றைக்கும் அதுதான் உச்சம். ஹூஸ்டனில் இருந்த ஐந்து சீசனிலும் சேர்த்து 249.

இது யார் தப்பு? என்னைக் கேட்டால் நிர்வாகத்தின் தப்பு. வலது கைக்கார குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் லைனில் அந்தப் பக்கத்துக் காவலாளிதான் லெஃப்ட் டேக்கிள். புது அணிக்காக நடந்த எக்ஸ்பான்ஷன் டிராஃப்டில் (மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களிலிருந்து எடுப்பது) நாங்கள் எடுத்த முதல் பெயர் ஜாக்சன்வில்லின் டோனி போசெல்லி. காலத்தின் மிகச் சிறந்த லெஃப்ட் டேக்கிள்களில் ஒருவர், ஆனால் தோள்பட்டை போய்விட்டது. டெக்ஸன்ஸுக்காக ஒரு ஸ்னாப்கூட (பந்தை ஆட்டத்தில் விடும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) ஆடாமல் 2003-ல் ஓய்வு. (2022-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார், முழுக்க ஜாக்சன்வில் கணக்கில்.)

சரி, அவர் இல்லை. அடுத்து? டிராஃப்ட் பட்டியலைப் பாருங்கள். 2003 முதல் சுற்று ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) ஆண்ட்ரே ஜான்சன், தங்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். 2004-ல் முதல் சுற்றில் இரண்டு பேர், டன்டா ராபின்சனும் ஜேசன் பாபினும். இரண்டும் டிஃபென்ஸ். 2005-ல்தான் வயிறு எரிகிறது. 13-வது இடம் நம் கையில் இருந்தது. அதை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்துவிட்டு 16-க்கு இறங்கினோம். அவர்கள் அந்த 13-ல் எடுத்தது ஜமால் பிரவுன் என்ற டேக்கிளை. அடுத்த வருஷமே அவர் ப்ரோ பவுல் (நட்சத்திர வீரர்களின் ஆட்டம்) போனார். நாம் 16-ல் எடுத்தது டிராவிஸ் ஜான்சன், டிஃபென்சிவ் லைன்மேன். அவர் பெயர் ஹூஸ்டனில் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? 2006-ல் முதல் இடமே நம்முடையது. டிபிரிக்கஷா ஃபெர்குசன் என்ற லெஃப்ட் டேக்கிள் இருந்தார். நாம் எடுத்தது மேரியோ வில்லியம்ஸ், அவரும் டிஃபென்ஸ்.

ஐந்து டிராஃப்ட், முதல் சுற்றில் ஒரு ஆஃபென்சிவ் லைன்மேன்கூட இல்லை. இதற்குப் பிறகும் கார் தண்டமா?

எண்சுவடி

முருகு அண்ணா, ஜெனரல் மேனேஜர் சார்லி கேசர்லியின் டிராஃப்ட் பட்டியலுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் 76 என்ற எண்ணை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு "பாவம் பையன்" என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

சாக் என்பது லைன்மேன் மட்டும் போடும் கணக்கு இல்லை. எத்தனை நேரம் பந்தைக் கையில் வைத்திருக்கிறார் என்பதை முடிவு செய்பவர் குவார்ட்டர்பேக். அணி மாறினாலும் சாக் ஆகும் பழக்கம் பெரும்பாலும் ஆளோடு கூடவே போகும்.

காரின் கணக்கையே சீசன் வாரியாக எடுங்கள். 2002-ல் 444 பாஸ், 76 சாக். 2003-ல் 295 பாஸ், 15 சாக். அதாவது எறியப் போன நூறு தடவையில் ஐந்துகூட இல்லை. 2004-ல் 466-க்கு 49. 2005-ல் 423-க்கு 68. நடுவில் ஒரு வருஷம் மட்டும் லைன் வானத்திலிருந்து குதித்ததா? அதே கோச் டாம் கேப்பர்ஸ், 2005 தொடக்கம் வரை அதே ஆஃபென்ஸ் கோச் கிரிஸ் பாமர். 2003-ல் முடிந்தது 2005-ல் ஏன் முடியவில்லை?

இன்னொன்று. 2007-ல் காரை அனுப்பிவிட்டு அட்லான்டாவிலிருந்து குவார்ட்டர்பேக் மேட் ஷாபைக் கொண்டுவந்தார்கள். 2006-க்கும் 2007-க்கும் நடுவில் லைனைப் பிரித்துக் கட்டவெல்லாம் இல்லை. சாக் கிட்டத்தட்ட பாதியாக இறங்கியது. அணி 8-8 (8 வெற்றி, 8 தோல்வி). டெக்ஸன்ஸ் வரலாற்றில் தோல்வி எண்ணிக்கை மிஞ்சாத முதல் சீசன். மாறியது யார் என்று சொல்லுங்கள்.

கோவை_நள்ளிரவு

ஏனுங்க, ரெண்டு வருசமாத்தான் இந்த ஆட்டம் பாக்கறேன், ராத்திரி முழிச்சு. எனக்கு ஒரு சந்தேகம். இது கிரிக்கெட்ல ஓப்பனிங் எறங்கற பையனுக்குக் கால்ல பேட் கட்டாம அனுப்பிட்டு, அப்புறம் "பந்துக்குப் பயப்படறான்"னு திட்டற மாதிரி இல்லீங்களா?

எண்சுவடி

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது நண்பரே. வருகிற பந்துதான் பேட்ஸ்மேன் கையில் இல்லை. இங்கே பந்து குவார்ட்டர்பேக் கையில்தான் இருக்கிறது. விட்டுத் தொலைத்தால் சாக் இல்லை. டேக்கிள்களுக்கு நடுவே நிற்கும்போது ஆளே இல்லாத இடத்தில் வீசினால் பெனால்டி, உண்மைதான். ஆனால் அந்த வட்டத்தைத் தாண்டி ஓரமாக ஓடிவிட்டால், பந்து ஸ்க்ரிமேஜ் கோட்டை (ஆட்டம் தொடங்கிய கோடு) எட்டுகிற மாதிரி வெளியே வீசிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த டவுனை (அடுத்த முயற்சியை) ஆடலாம். காரின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள். ஓடுவார், பின்பக்கமாகச் சுழன்று திரும்புவார், இன்னும் பின்னால் போவார். 5 யார்டில் முடிய வேண்டிய நஷ்டம் 12 ஆகும். 2002-ல் சாக்கிலேயே போன யார்டு 400-க்கு மேல்.

டாலஸ்_வள்ளி

முதல் ஆட்டத்தை ஞாபகப்படுத்தியதற்கு முருகுவுக்கு என் தனிப்பட்ட நன்றி. எங்கள் ஊரில் அதைப் பற்றி இப்போதும் யாரும் பேசுவதில்லை.

ஆனால் இந்த "புது அணி, மோசமான லைன்" கதையை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைப்போம். எங்கள் குவார்ட்டர்பேக் ட்ராய் எய்க்மன் 1989-ல் தொடங்கிய ஆட்டம் 11, ஜெயித்தது 0. பெய்டன் மேனிங் முதல் வருஷம் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்), அணி 3-13. ரெண்டு பேரும் டிராஃப்டில் முதல் ஆள்தான். உதை வாங்கினார்கள், எழுந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், சின்சினாட்டியின் ஜோ பரோ 2021 சீசனில் 51 சாக். அதற்கு மேல் பிளே ஆஃபில் டென்னசி ஒரே ஆட்டத்தில் 9 தடவை கீழே தள்ளியது. அந்த ஆட்டத்தையும் 19-16 என்று ஜெயித்துக்கொண்டு போய் சூப்பர் பவுல் ஆடினார். அடி எல்லாருக்கும் விழும். ஆள் யார் என்பது அதற்கப்புறம்தான் தெரியும்.

பேர்லேண்ட்_முருகு

வள்ளி, எய்க்மனுக்கு 1989-ல் வந்த கோச் யார்? ஜிம்மி ஜான்சன். அந்த சீசன் நடுவிலேயே ஹெர்ஷல் வாக்கர் என்ற ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவர்) விற்று டிராஃப்ட் இடங்களை அள்ளிப் போட்டார்கள். அடுத்த வருஷமே எமிட் ஸ்மித் வந்துவிட்டார். காருக்கு வந்தவர்கள் பட்டியல் மேலே இருக்கிறது, இன்னொரு தடவை படியுங்கள்.

எண்சுவடிக்கு: 2003 பற்றிய கேள்வி நியாயமானது. அந்த வருஷம் டொமானிக் டேவிஸ் என்ற ரன்னிங் பேக் வந்தார், ரூக்கி (முதல்) சீசனிலேயே 1,031 யார்டு ஓடினார். ஓட்டம் இருந்தால் எதிரணி எல்லாரையும் குவார்ட்டர்பேக் மேல் ஏவ முடியாது. கார் சில ஆட்டங்கள் காயத்தில் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 15 என்பது முழு சீசன் கணக்கு இல்லை. ஆனால் அந்த வருஷக் கார் எப்படி ஆடினார் தெரியுமா? செப்டம்பர் 28, ஜாக்சன்வில்லோடு. 20-17 என்று பின்தங்கி நிற்கிறோம். கோல் கோட்டுக்கு 1 யார்டு. கடிகாரத்தில் 2 வினாடி. ஃபீல்ட் கோல் அடித்தால் சமன், ஓவர்டைம் போகலாம். கேப்பர்ஸ் ஆடச் சொன்னார். கார் ஸ்னாப்பை வாங்கி லைன் மேலேயே தாவிப் பந்தை அந்தப் பக்கம் நீட்டினார். 24-20. முந்தின வருஷம் 76 தடவை தரையில் புரண்ட ஆள் இவர். பயந்தாங்கொள்ளி என்று இவரைச் சொல்லாதீர்கள்.

கிளீவ்லேண்ட்_குமரன்

கிரிஸ் பாமர் பெயரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. இவர் முன்கதை உங்களில் யாருக்காவது தெரியுமா?

1999-ல் பிரவுன்ஸ் திரும்பி வந்தது, அதுவும் புது அணி மாதிரிதான். டிராஃப்டின் முதல் ஆள் டிம் கவுச், குவார்ட்டர்பேக். தலைமைக் கோச் கிரிஸ் பாமர். கவுச் அந்த ரூக்கி சீசனில் 56 சாக். ரெண்டு வருஷத்தில் அணி ஜெயித்தது 5, தோற்றது 27. பாமரை வீட்டுக்கு அனுப்பினோம்.

அடுத்து என்ன நடந்தது? ஹூஸ்டன்காரர்கள் புது அணி ஆரம்பிக்கிறார்கள், டிராஃப்டில் முதலாவதாக ஒரு குவார்ட்டர்பேக்கை எடுக்கப் போகிறார்கள், அவரை வளர்க்கத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்த ஆள் இதே பாமர்! கவுச் அவரிடம் எத்தனை அடி வாங்கினார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போமே.

பாமர் திட்டம் நீளமானது. ரிசீவர்கள் தூரம் ஓடித் திரும்ப வேண்டும், குவார்ட்டர்பேக் அதுவரை பின்னால் நின்று காத்திருக்க வேண்டும். நல்ல லைன் இருந்தால் கண்ணுக்கு அழகான ஆஃபென்ஸ். இல்லாத இடத்தில் அதையே பிடித்துத் தொங்கினால் நிற்கிறவன்தான் நொறுங்குவான். 2005-ல் முதல் இரண்டு ஆட்டம் தோற்றதும்தான் டெக்ஸன்ஸ் பாமரை நீக்கியது. கார் அதற்குள் நாலாவது சீசனுக்கு வந்துவிட்டார்.

எண்சுவடி சொன்ன "பந்தை வைத்துக்கொண்டே நிற்கிறார்" என்பதில் எத்தனை சாக் காருடையது, எத்தனை சாக் "வைத்துக்கொண்டு நில்" என்று சொல்லிக்கொடுத்தவருடையது? ஆட்டப் புள்ளிவிவரத்தில் அதற்குத் தனித்தனி வரிசை இல்லை.

ஸ்கார்பரோ_சிவா

நான் பஃபலோ பில்ஸ் ஆள். எங்களுக்குக் காரோட ஒரு தனிக் கணக்கு இருக்கு, அதையும் கேளுங்கோ.

2006 நவம்பர் 19, ஹூஸ்டனில மேட்ச். கார் அண்டைக்கு அடுத்தடுத்து 22 பாஸ் ஒண்டும் தவறாமல் முடிச்சவர். அப்ப அது லீக் ரெக்கார்டோட சமன். (ரெக்கார்ட் வச்சிருந்தது மார்க் புரூனல், வாஷிங்டன். அதுவும் அதே வருசம், அதே டெக்ஸன்ஸுக்கு எதிரா! ஹூஸ்டன் டிஃபென்ஸ் அப்ப என்ன லட்சணத்தில இருந்தது எண்டு விளங்குதுதானே.) ஸ்கோர் ஷீற்றை மட்டும் பாத்தா 30-க்கு 25. கனவு ஆட்டம் எண்டு நினைப்பியள்.

ஆனா யார்டு எவ்வளவு தெரியுமோ? 223. ஒரு பாஸுக்கு ஒன்பதுகூட வரேல்ல. எல்லாம் பக்கத்தில நிக்கிற ஆளுக்கு நீட்டி விடுற பாஸ். அதே மேட்ச்சில எங்கட லீ எவன்ஸ் முதலாம் குவார்ட்டரிலயே ரெண்டு டச் டவுன், ரெண்டும் 83 யார்டு. ரெண்டே ரெண்டு பிடி, 166 யார்டு. கடைசியில ஒன்பது செக்கன் கிடக்கேக்க எங்கட குவார்ட்டர்பேக் லோஸ்மன் பியர்லெஸ் பிரைசுக்குப் போட்டு 24-21 எண்டு நாங்கள் வெண்டனாங்கள்.

அந்த சீசன் முழுக்கக் கார் இதைத்தான் செய்தவர். 68.3 சதவீதம், லீக்கிலயே முதலாம் இடம். ஆனா எறிஞ்ச ஒரு பாஸுக்கு சராசரி ஆறு யார்டு சொச்சம், டச் டவுன் 11, இன்டர்செப்ஷன் 12. ஆண்ட்ரே ஜான்சன் மாதிரி ஒராளை வச்சுக்கொண்டு 11!

தம்பி எண்சுவடி "பந்தை விடுறாரில்லை" எண்டு சொல்லுறார். நாலு வருசம் அடி வாங்கின பிறகு மனுசன் விடப் பழகிட்டார். தூரத்தில ஆள் வெட்ட வெளியில ஓடினாலும் கண் அங்க போகாது. முன்னுக்கு வாற ஆளைத்தான் கண் பாக்கும். அவருக்குள்ள இருந்த குவார்ட்டர்பேக் அண்டைக்கு இல்லை. 2002-ல கவ்பாய்ஸை அடிச்சவரும் இவரும் ஒரே ஆள் எண்டு என்னால சொல்லேலாது.

எண்சுவடி

சிவா அண்ணா சொன்னதை ஏற்கிறேன், குறிப்பாகக் கண் விஷயம். அந்தக் கட்டத்தில் கார் பாஸ் ரஷைத்தான் (தன் மேல் பாய்ந்து வருகிறவர்களைத்தான்) பார்த்தார், களத்தை அல்ல. ஆனால் இதையே என் பக்கத்து சாட்சியாகவும் வைக்கலாம். 2006-ல் புதுக் கோச் கேரி கூபியாக் வந்தாயிற்று. ஹூஸ்டன் பையன், குவார்ட்டர்பேக் ஜான் எல்வேக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர், டென்வரில் ஆஃபென்ஸ் நடத்தியவர். குவார்ட்டர்பேக் வேலையை எளிதாக்கும் திட்டம் அவருடையது. ஓட்டம் முதலில், பிறகு ஓட்டம் மாதிரி காட்டிவிட்டு வெளியே உருண்டு போய் எறிவது. அந்தத் திட்டத்தில் 2006-ல் காருக்கு 442 பாஸ், 41 சாக். அப்போதும் நூற்றுக்கு எட்டுக்கு மேல். அக்டோபரில் டென்னசி ஆட்டத்தில் அவரை உட்காரவைத்து சேஜ் ரோசன்ஃபெல்ஸை இறக்கினார்கள். ரோசன்ஃபெல்ஸ் வந்த கையோடு 3 டச் டவுன் பாஸ் போட்டார். அதே லைன், அதே நாள், அதே எதிரணி.

அடுத்த வருஷம் கரோலினாவில் காருக்குப் புது இடம், புது லைன். 3 டச் டவுன், 5 இன்டர்செப்ஷன். பிறகு ஜயன்ட்ஸில் ஈலை மேனிங்குக்குப் பின்னால், 49-ஆர்ஸில் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால்.

டெக்ஸன்ஸ் வரலாற்றிலிருந்தே இன்னொரு பெயர்: டெஷான் வாட்சன், 2018. சாக் 62. அணி 11-5.

பேர்லேண்ட்_முருகு

வாட்சனை இழுப்பீர்கள் என்று தெரியும். வாட்சன் வந்தபோது அது 15 வருஷம் பழகிய அணி. டிஃபென்ஸில் ஜே.ஜே. வாட், பாஸ் பிடிக்க டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ். 62 தடவை விழுந்தாலும் ஸ்கோரைக் காப்பாற்ற டிஃபென்ஸ் இருந்தது.

2002-ல் எங்கள் ஆஃபென்ஸ் எந்த நிலையில் இருந்தது என்று ஒரே ஆட்டத்தில் காட்டுகிறேன். டிசம்பர் 8, பிட்ஸ்பர்கில். நாங்கள் 24-6 என்று ஜெயித்தோம். எங்கள் ஆஃபென்ஸ் முழு ஆட்டத்திலும் எடுத்தது 47 யார்டு. எழுத்துப்பிழை இல்லை, நாற்பத்தேழு. கார் முடித்த பாஸ் 3. மூன்று டச் டவுனும் டிஃபென்ஸ் போட்டது, அதில் ரெண்டு ஆரன் கிளென் இன்டர்செப்ஷனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் யாராவது இருந்தால் மன்னிக்கவும்.

இந்த மாதிரி ஒரு களத்தில் ஒரு 23 வயதுப் பையன் குவார்ட்டர்பேக் வேலை கற்றுக்கொள்ள முடியுமா? அந்த வருஷம் அவரை ஒரு நாலு ஆட்டமாவது உட்காரவைத்திருக்கலாம். 16 ஆட்டத்திலும் அவரேதான். டிக்கெட் விற்க முகம் வேண்டுமே.

டாலஸ்_வள்ளி

முருகு, டிக்கெட் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. அதே ஆசைதான் 2006-ல் இன்னொரு கூத்தையும் பண்ணியது, அதை நீங்களே சொல்லியிருக்க வேண்டும். 2005 சீசனில் 2-14 ஆனபிறகு முதல் டிராஃப்ட் இடம் கையில் வந்தது. ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியாவைக் கவிழ்த்த குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் இருந்தார், ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த பையன். நிர்வாகம் என்ன செய்தது? காருக்கு 80 லட்சம் டாலர் போனஸ் கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டியது. ஒரு வருஷம் கழித்து அவரையே சும்மா வெளியே விட்டது.

யங்கை எடுத்தது யார்? டென்னசி. அதாவது உங்களை விட்டு ஓடிப்போன பழைய ஆயிலர்ஸ்! டிசம்பர் 10, யங் ஹூஸ்டனுக்கே வந்து ஓவர்டைமில் 39 யார்டு ஓடி 26-20 என்று முடித்தார். அன்றைக்கு ஸ்டேடியத்தில் ஆரவாரம் எந்தப் பக்கம் இருந்தது என்று நேர்மையாகச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பேர்லேண்ட்_முருகு

இரண்டு பக்கமும். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள். 😐

சன்னிவேல்_செல்வி

49-ஆர்ஸ் ரசிகையாக ஒரு வார்த்தை. எண்சுவடி "போன இடத்திலும் எழவில்லை" என்பதை முடிந்த தீர்ப்பு மாதிரி சொல்கிறார். எழுவதற்கு என்ன வேண்டும் என்று எங்கள் ஊர் கதையைப் பாருங்கள்.

அலெக்ஸ் ஸ்மித், 2005-ல் முதல் ஆள். வருஷத்துக்கு ஒரு ஆஃபென்ஸ் கோச், வருஷத்துக்கு ஒரு புதுப் பாடம். 2010 வரைக்கும் இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். 2011-ல் ஜிம் ஹார்பா வந்தார், 13-3. ஸ்மித் மாறினாரா, சுற்றி இருந்தது மாறியதா? சாம் டார்னல்ட் கதையும் இதுதான். 2019 அக்டோபர் 21, ஜெட்ஸ் 33-0 என்று பேட்ரியட்ஸிடம் தோற்ற இரவு, 4 இன்டர்செப்ஷன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "பேய் தெரிகிறது" என்றது மைக்கில் பதிவாகி நாடே சிரித்தது. 2024-ல் அதே டார்னல்ட் மினசோட்டாவில் 14-3, 35 டச் டவுன் பாஸ். நடுவில் 2023-ல் எங்கள் ஊரில் ப்ராக் பர்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வருஷம் அமைதியாகப் படித்தார்.

காருக்கு அந்த உட்காரும் வருஷம் கடைசியில்தான் கிடைத்தது. மறுபடி ஜயன்ட்ஸுக்குப் போய் 2011 சீசன் சூப்பர் பவுல் மோதிரம்கூட வாங்கினார், அந்த சீசனில் ஒரு ஸ்னாப் ஆடாமல். வரிசை தலைகீழாக இருந்திருந்தால்? முதலில் இரண்டு வருஷம் பெஞ்ச், பிறகு களம்?

எண்சுவடி

"இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தால் யாரையும் காப்பாற்றலாம் செல்வி. பெரிய எதிர்பார்ப்போடு வந்து கவிழ்ந்த குவார்ட்டர்பேக் ரயன் லீஃபைக்கூட.

சன்னிவேல்_செல்வி

அதுதான் இல்லை. லீஃபைக் காப்பாற்ற முடியாது, ஜமார்கஸ் ரஸ்ஸலையும் முடியாது. அவர்கள் விஷயத்தில் உழைப்பே கேள்விக்குறி. காரைப் பற்றி அந்தப் புகாரைக் கூபியாக்கும் வைக்கவில்லை, கேப்பர்ஸும் வைக்கவில்லை. உழைத்தும் தேறாதவனையும் உழைக்காமல் தேறாதவனையும் ஒரே பட்டியலில் "தண்டம்" என்று போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஸ்கார்பரோ_சிவா

அவற்ற தம்பி டெரிக்கையும் ஒருக்கா பாருங்கோவன். அதே வீடு, அதே ஃபிரெஸ்னோ ஸ்டேட். தமையன் வாங்கின அடியைச் சின்ன வயசில ஹூஸ்டனில இருந்தே பாத்து வளந்த பெடியன். 2014-ல ரெய்டர்ஸுக்கு ரெண்டாம் சுற்றில போனவர், முதல் நாளிலயிருந்தே பந்து கையில நிக்காது, டக்கெண்டு போயிரும். சில ரெய்டர்ஸ் ரசிகர்கள் அதுக்கும் ஏசினவங்கள், "தூர எறியிறாரில்லை" எண்டு. ஆனா பத்து வருசத்துக்கு மேல ஸ்டார்ட்டரா நிண்டவர். ஒரு பிளே ஆஃப் வெற்றி இல்லை, அது வேற கதை.

கோவை_நள்ளிரவு

எல்லாரும் நல்லா சொல்றீங்க. ஆனா என்னைய மாதிரி ஆளுக்கு ஒரு கணக்கு வேணுமுங்க. நூறு ரூபா பழியப் பிரிச்சுக் கொடுங்கன்னா யாருக்கு எவ்வளவு கொடுப்பீங்க?

எண்சுவடி

கார் 45, கேசர்லி 35, பாமர் 20. 2005-ல் வாங்கிய 68-ல் கணிசமான பகுதி காரின் சொந்தச் சம்பாத்தியம் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சன்னிவேல்_செல்வி

கேசர்லி 50, பாமர் 25, கார் 25.

கிளீவ்லேண்ட்_குமரன்

பாமர் 100. மிச்சம் இருந்தால் அதையும் பாமருக்கே கொடுங்கள், கவுச் கணக்கில் பாக்கி இருக்கிறது.

பேர்லேண்ட்_முருகு

கேசர்லி 55, பாமர் 20, மெக்நேர் 10, கார் 15. அந்த 15-ம் 2006-க்காக மட்டும். ஆண்ட்ரே ஜான்சன் ஒண்டியாக ஓடும்போது நாலு கெஜம் தள்ளி நிற்கிறவருக்கு எறிந்ததற்கு.

டாலஸ்_வள்ளி

ஒருத்தர் பட்டியலிலும் கேப்பர்ஸ் பெயரைக் காணோமே? 2002-ல் 16 ஆட்டமும் அவரை இறக்கியது யார், பாமரை நாலாவது சீசன் வரை வைத்துக்கொண்டிருந்தது யார்? அதுவும் 1995-ல் கரோலினாவின் முதல் கோச்சாக இருந்தவர், கெரி காலின்ஸ் என்ற ரூக்கியை வைத்துப் புது அணி நடத்திய அனுபவசாலி. எல்லாரும் கணக்கைத் திருத்திப் போடுங்கள்.